பார்லி அரிசியில் தண்ணி காய்ச்சுவதைத் தவிர வேறென்ன செய்யலாம்? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சமைப்பவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோட்டான்
வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரை. டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார், உடனே சொந்தக்காரர் ஒருவர் பார்லி சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று ஏற்றிவிட்டார், இப்போது வீட்டில் பார்லி இருக்கிறது, என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கொதிக்க வை, வடிகட்டு, தண்ணியைக் குடி, சக்கையை மாட்டுக்கு வை. இவ்வளவு விலை கொடுத்து வாங்கி மாட்டுக்கு வைப்பதா என்று அம்மாவுக்கு மனசு வரவில்லை, எனக்கும்தான்.

சோறு மாதிரி வடித்துச் சாப்பிடலாமா? களி கிண்டினால் வருமா? தோசைக்குப் போடலாமா? கடையில் வெள்ளையாக உருண்டையாக ஒன்று, தொலியோடு பழுப்பாக நீளமாக ஒன்று என இரண்டு இருந்தன, நான் வெள்ளையை வாங்கினேன். சரிதானா? எங்கள் வீட்டில் எப்படியும் இராத்திரிக்கு ராகிக் களிதான், அதனால் இது தேவையா என்றும் சொல்லுங்கள்.

அரூர் அக்கா
தம்பி, முதலில் அந்தச் சக்கையை மாட்டுக்கு வைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணியில் இறங்குவது கொஞ்சம்தான், பாக்கியெல்லாம் அந்த வெந்த அரிசியில்தான் இருக்கிறது. வடிகட்டிய பிறகும் அதை மோரில் போட்டுக் கரைத்துக் குடிக்கலாம், தோசை மாவில் சேர்த்து ஆட்டலாம்.

நீங்கள் வாங்கிய வெள்ளை பார்லி அரிசி தீட்டியது. சமையலுக்கு அதுதான் சுலபம். தொலியோடு இருப்பது நாட்டு மருந்துக் கடைச் சரக்கு, கஷாயத்துக்கு வாங்குவார்கள், அதை அப்படியே வேகவைத்துச் சாப்பிட்டால் உமி தொண்டையில் குத்தும்.

சோறாக வேண்டுமென்றால் இரண்டு மூன்று தண்ணியில் கழுவி இராத்திரியே ஊற வையுங்கள். காலையில் ஊறிய தண்ணியை வடித்துவிட்டு ஒரு டம்ளருக்கு மூன்று டம்ளர் தண்ணி வைத்து குக்கரில் நாலைந்து விசில். குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பவே வேண்டாம், பார்லி நுரைத்துப் பொங்கி விசில் வழியாக அடுப்பெல்லாம் கொழகொழவென்று வழியும். ஊற வைக்க மறந்துவிட்டால் திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் கொதிக்கவிட வேண்டியிருக்கும். ஒரு டம்ளர் போட்டால் கிட்டத்தட்ட மூன்று டம்ளர் வந்துவிடும், அதனால் அளவாகப் போடுங்கள். ஆவி அடங்கியதும் வடிதட்டில் கொட்டி, நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் கிளறிவிட்டால் ஒட்டாது. வடித்த கஞ்சியைக் கொட்டாமல் ரசத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு வெந்தாலும் அரிசிச் சோறு மாதிரி குழையாது, பல்லுக்குத் தட்டுப்படும். குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட நினைத்தால் ஏமாற்றம்தான். தயிர் சோறு, எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு என்று கலந்த சோறாகச் செய்தால் பிரமாதமாக இருக்கும், அதிலும் தயிருக்கு அரிசியை விடப் பார்லியே மேல் என்பது என் கட்சி. பருப்போடு ஒரே குக்கரில் போட்டுச் சாம்பார் சோறாகவும் செய்யலாம். ஆட்டுக்கால் சூப்பு வைக்கும்போது ஒரு கைப்பிடி போட்டுவிடுங்கள், சூப்பும் கெட்டியாகும், பார்லியும் எலும்புச் சாறில் வெந்து ருசி ஏறும். சைவத்துக்குக் கொள்ளு வேகவைத்த தண்ணியில் இதே மாதிரி.

களியைப் பற்றி அப்புறம் தனியாக எழுதுகிறேன், அதற்குக் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டும்.

ராகிக்காடு
எனக்கு இது புரியவே இல்லை. தமிழ்நாட்டில் ராகி என்றால் முதலில் வாயில் வருவது தர்மபுரியும் கிருஷ்ணகிரியும். காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ராகிக்கும் சாமைக்கும் ரகம் வெளியிட்டிருக்கிறார்கள். அரசு நேரடியாகக் கொள்முதல் செய்து 2023-ல் தர்மபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தது. சித்தேரி மலையில் சாமை விளைகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைவதை லாரி ஏற்றி வரவழைத்துத் தின்ன வேண்டுமா? பார்லி சிறுதானியம்கூடக் கிடையாது, கோதுமைக்குப் பங்காளி. ஓட்ஸ் மோகம் முடிந்தது, இனி பார்லி மோகம். கடைக்காரனுக்கு நல்லது.

ஓசூர் ஷிப்ட்டு
பார்லி என்றதும் நம்ம ஆட்கள் பாதிப் பேர் டாஸ்மாக் சமாச்சாரம் என்று நினைத்துத்தான் இந்தப் பேச்சுக்குள்ளேயே வந்திருப்பார்கள். நானும் அப்படித்தான் வந்தேன், பொய் சொல்வானேன். பீருக்கு மட்டுமில்லை, ஹார்லிக்ஸ் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், முளைகட்டிய பார்லி இருக்கும். சின்ன வயதிலிருந்தே குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். சிப்காட்டில் என் லைனில் வேலை செய்யும் ராஜஸ்தான் நண்பர் வெயில் காலத்தில் ராப்டி என்று ஒன்று கொண்டு வருவார். கம்பு மாவையோ பார்லி மாவையோ மோரில் கரைத்து, கொஞ்சம் புளிக்கவிட்டு, காய்ச்சி ஆறவைத்துக் குடிப்பது. குடித்துப் பார்த்தால் நம்ம கம்பங்கூழேதான்! சீரகமும் உப்பும் போடுகிறார்கள், நாம் சின்ன வெங்காயம் கடிக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் ராகிக்காடு அண்ணா, அதை வடக்கத்தி சாப்பாடு என்று ஒதுக்குவதற்கு முன்னால் ஒரு சொம்பு குடித்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது செய்வது: பார்லி அரிசியை வெறும் வாணலியில் வாசம் வரும் வரை வறுத்து, மிக்ஸியில் கொரகொரவென்று பொடித்து வைத்துக்கொள்வோம். ஒரு டம்ளர் தண்ணிக்கு இரண்டு ஸ்பூன், கட்டியில்லாமல் கரைத்துப் பத்து நிமிடம் காய்ச்சி ஆறியதும் மோர், உப்பு, தொட்டுக்க மோர் மிளகாய். இரவு ஷிப்ட்டு முடிந்து வந்து குடித்துவிட்டுப் படுத்தால் மதியம் வரை பசிக்காது.

காரிமங்கலம் செவிலி
சர்க்கரை என்று எழுதியிருப்பதால் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், யாரும் மருந்தை நிறுத்திவிட்டுப் பார்லியில் இறங்கிவிடக் கூடாது.

பார்லியில் பீட்டா குளுக்கான் என்று கரையும் நார்ச்சத்து இருக்கிறது. குக்கரில் கொழகொழவென்று வழிகிறதே, அதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வயிற்றுக்குள்ளும் அது அதே கொழகொழப்போடு இருப்பதால் மாவுச்சத்து மெதுவாகச் செரிக்கிறது, சர்க்கரை சட்டென்று ஏறாமல் நிதானமாக ஏறுகிறது. கொலஸ்ட்ராலையும் கொஞ்சம் குறைக்கும். ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் போனால் இதயத்துக்கு நல்லது என்று பார்லி உணவுப் பொட்டலத்தில் போட்டுக்கொள்ள அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006-ல் இறுதி அனுமதி கொடுத்தது, ஓட்ஸுக்கு அதற்கு முன்பே கொடுத்திருந்தார்கள். அந்த 3 கிராம் வேண்டுமென்றால் வேகாத பார்லியாக ஏறக்குறைய 60 முதல் 75 கிராம் சாப்பிட வேண்டும். வடிகட்டிய தண்ணி ஒரு டம்ளரில் அது வராது, அரூர் அக்கா சொன்னதுதான் சரி.

தீட்டினால் சத்தெல்லாம் போய்விடுமே என்று கேட்பவர்களுக்கு: அரிசியிலும் கோதுமையிலும் நார் பெரும்பாலும் மேல் தவிட்டில் இருக்கிறது, தீட்டினால் போய்விடும். பார்லியில் இந்த பீட்டா குளுக்கான் உள்ளே மாவுப் பகுதி முழுவதும் பரவியிருக்கிறது. அதனால் வெள்ளையாகத் தீட்டிய பார்லியிலும் நிறைய மிஞ்சும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் 100 கிராமுக்குப் பார்லியில் நார் 15 கிராமுக்கு மேல், ராகியில் 11, வெள்ளை அரிசியில் 3-க்கும் கீழே.

ராகிக்காடு அண்ணா கோபப்பட வேண்டாம், அதே அட்டவணையில் சுண்ணாம்புச் சத்து ராகியில் 364 மில்லிகிராம், பார்லியில் 30-ஐக்கூடத் தொடவில்லை. எலும்புக்கு ராகிதான். ஆனால் ராகியை நைசாக மாவரைத்துக் கிண்டி மூன்று உருண்டை விழுங்கிவிட்டு, களிதானே, சர்க்கரை ஏறாது என்று நம்பிக்கொண்டு வருபவர்களை ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிறேன். எந்தத் தானியமாக இருந்தாலும் மாவு நைசாக நைசாகச் சர்க்கரை வேகமாக ஏறும். பார்லியும் அப்படித்தான், முழு மணியாக மென்று சாப்பிடுவதில் இருக்கும் பலன் மாவில் குறையும்.

அப்புறம் கர்ப்பிணிகள். காலில் நீர் கட்டினால் பார்லித் தண்ணி கொடுப்பது நம் ஊர் வழக்கம், குடிப்பதில் தப்பில்லை. ஆனால் கால் வீக்கத்தோடு தலைவலியோ, கண் மங்கலோ, முகமும் கையும் வீங்குவதோ இருந்தால் அது இரத்த அழுத்தமாக இருக்கலாம், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அழுத்தம் பார்க்க வேண்டும். பார்லித் தண்ணி குடித்துக்கொண்டு வீட்டில் காத்திருக்கவே கூடாது. நீர்க்கடுப்புக்கும் இதே பேச்சு: அதிகமாகத் தண்ணி குடிப்பதால் எரிச்சல் குறையலாம், காய்ச்சலோ இடுப்பு வலியோ சேர்ந்தால் அது தொற்று.

கோதுமையில் இருப்பது போன்ற குளூட்டன் வகைப் புரதம் பார்லியிலும் உண்டு. கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல் நோய் இருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது, அவர்களுக்கு ராகி, சாமை, தினைதான். சிறுநீரகம் பழுதானவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

ராகிக்காடு
செவிலி அம்மா சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். களி உருண்டைக் கணக்கில் நீங்கள் சொல்வது உண்மைதான், எங்கள் அப்பாவே அந்தக் கட்சி. ஆனால் நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. முழு மணியாக மெல்ல வேண்டும் என்றால் சாமைச் சோறு இருக்கிறதே? அது நம் மலையில் விளைவது, வாங்கினால் காசு நம் சனத்துக்குப் போகும்.

அரூர் அக்கா
சாமை வேண்டாம் என்று யார் சொன்னது? எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் சாமைதான். சாமை பூப்போல வெந்து நாலு வாயில் காலியாகிவிடும், இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டுவார்கள். பார்லியை அப்படி அள்ளி விழுங்க முடியாது, மெல்லவே நேரம் ஆகும், அதற்குள் வயிறு போதும் என்கிறது. சர்க்கரைக்காரர்களுக்கு நான் அதைக் கொடுக்கும் காரணம் அதுதான், சத்துக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது.

பென்னாகரம் ரோடு
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பேர் பார்லித் தண்ணி காய்ச்சுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள், எந்தத் தண்ணியில் காய்ச்சுகிறீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் போர் தண்ணியில் புளோரைடு பல இடங்களில் அதிகம், பல்லில் பழுப்புக் கறையோடு திரியும் நமக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அது இன்னும் செறிவாகும். பார்லியை முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு நாலு டம்ளரை இரண்டு டம்ளராக்கிக் குடிப்பவர், போர் தண்ணியாக இருந்தால், புளோரைடையும் இரண்டு மடங்காக்கிக் குடிக்கிறார். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், 2013-லிருந்து அந்தத் தண்ணி வருவதே இதற்காகத்தான். போர் தண்ணியைக் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

காரிமங்கலம் செவிலி
இதை நானே சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் மேலே இருப்பதை இன்னொரு முறை படியுங்கள். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் கட்டாயம்.

மத்தூர் மல்லி
ராகியை ஊற வைத்துத் துணியில் கட்டி முளைக்க வைத்து மால்ட் மாவு செய்வது போலப் பார்லியிலும் செய்யலாமா? கடையில் வாங்கிய வெள்ளை பார்லி அரிசியைத் துணியில் கட்டி வைத்தால் முளையே வரவில்லை, புளித்த வாடைதான் வருகிறது. பழைய சரக்கா?

மில்லுக்காரர்
சரக்குப் புதுசாக இருந்தாலும் வராதும்மா. தீட்டும்போது முளைக்கருவும் சேர்ந்து அடிபட்டுவிடுகிறது. பச்சரிசியைக் கட்டி வைத்தால் முளைக்குமா? அதே கதைதான். முளைக்க வைக்க உமியோடு இருக்கும் முழு பார்லி வேண்டும், அதுவும் விதைக்கென்று மருந்து தடவியதை வாங்கிவிடக் கூடாது.

இந்த உமியைப் பற்றிச் சொல்கிறேன், பலர் பார்லியை மூட்டையோடு கொண்டு வந்து நெல் மாதிரி அரைத்துக் கொடு என்கிறார்கள். நெல்லில் உமி தனியாக ஒரு கூடு மாதிரி நிற்கும், ரப்பர் ரோலரில் கொடுத்தால் கழன்றுவிடும். பார்லியில் உமி மணியோடு பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், ரோலரில் கழலாது. அதைக் கல் சக்கரத்தில் தேய்த்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், அந்த மிஷின் நம் பக்கத்து ரைஸ் மில்லில் இருக்காது. மேலோட்டமாகத் தேய்த்து உமியை மட்டும் எடுத்தால் பழுப்பாக இருக்கும், இன்னும் தேய்த்துக்கொண்டே போனால் முத்து மாதிரி உருண்டையாக வெள்ளையாக வரும். உமி நீக்கிய பழுப்பு பார்லி பெங்களூர்ப் பக்கமும் ஆன்லைனிலும் கிடைக்கிறது, ஊறவும் வேகவும் இன்னும் நேரம் எடுக்கும், குக்கரில் எட்டுப் பத்து விசில்கூட ஆகும்.

மால்ட் செய்ய: முழு பார்லியை ஒரு இரவு ஊற வையுங்கள், நடுவில் தண்ணி மாற்றுங்கள். வடித்துத் துணியில் பரப்பி ஈரம் காயாமல் மூன்று நாலு நாள். வேர் வெளியே வந்து, முளை மணியின் நீளத்துக்கு வருவதற்கு முன்னால் வெயிலில் சருகாகக் காயவைத்து, கையால் கசக்கி வேரைப் புடைத்துவிட்டு, லேசாக வறுத்து அரைத்துச் சல்லடையில் உமியைச் சலித்துவிடுங்கள். வெயில் சரியில்லாத மாதத்தில் ஆரம்பிக்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். பஞ்சு மாதிரி வெள்ளையோ பச்சையோ பூத்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

முளைத்த பார்லிக்கு இன்னொரு வேலையும் உண்டு. முளைக்கும்போது மாவை இனிப்பாக உடைக்கும் நொதி அதில் உண்டாகிறது. ரொம்ப வறுக்காத மால்ட் மாவில் அரை ஸ்பூனை, காய்ச்சி இளஞ்சூடாக ஆறிய கெட்டிக் கஞ்சியில் கலந்து கொஞ்ச நேரம் வைத்தால் கஞ்சி தானாக இளகிவிடும், தித்திப்பும் ஏறும். கலந்ததை இன்னொரு கொதி விட்டுக் குடிக்கலாம். ராகி மால்ட்டும் இதைச் செய்யும், பார்லி வேகமாகச் செய்யும், பீர்க் கம்பெனிக்காரன் அதைத் தேடிப் போவதும் இதற்காகத்தான். ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு மால்ட் வேண்டாம், அதில்தான் மாவு சர்க்கரையாக உடைய ஆரம்பித்துவிட்டதே.

தளி மேடு
இதைப் படித்ததிலிருந்து ஒரு நப்பாசை. எங்கள் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கார்த்திகை, மார்கழியில் நல்ல குளிர். ராகி அறுத்த காட்டில் பார்லி போட்டால் வருமா?

மில்லுக்காரர்
வட இந்தியாவில் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்துப் பங்குனி வாக்கில் அறுக்கிறார்கள். நம் மாநிலத்திலேயே நீலகிரியில் படகர்கள் முன்பு பயிரிட்டிருக்கிறார்கள், அப்புறம் உருளைக்கிழங்கும் தேயிலையும் வந்துவிட்டன. தளியில் பயிர் வளர்ந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் பால் பிடிக்கிற நேரத்தில் மாசி வெயில் வந்துவிட்டால் மணி சுருங்கிவிடும். தண்ணி அவ்வளவு கேட்காது, உப்பு மண்ணைத் தானியங்களிலேயே அதிகம் தாங்குவது பார்லிதான். இரண்டு பாத்தி போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் போட்டுவிட்டு உமி எடுக்க மிஷின் எங்கே என்று என்னிடம் வராதீர்கள்.

ராகிக்காடு
அதுதானே நானும் சொன்னது. விளைந்தாலும் தீட்ட வழியில்லை. ராகிக்கு அந்தத் தொல்லையே இல்லை, அடித்துப் புடைத்தால் நேராக மாவு மில்.

தளி மேடு
மாட்டுக்குப் பசுந்தீவனமாகவாவது அறுத்துப் போடலாமே அண்ணா. பாத்தி போட்டுவிட்டுச் சொல்கிறேன்.

அரூர் அக்கா
களி விஷயத்துக்கு வருகிறேன். பார்லி மாவில் மட்டும் களி கிண்டினால் பசை மாதிரி வரும், துடுப்பை விடாது, வாயில் போட்டால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நல்லா இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் பக்கம் ராகிக் களிக்கு முதலில் அரிசி நொய் போட்டு வேகவிடுவோம் இல்லையா, அந்த நொய்க்குப் பதிலாகப் பார்லியைப் போட வேண்டும். பார்லி அரிசியை வறுத்து ரவைக்கு மேல், குருணைக்குக் கீழ் என்கிற பதத்தில் உடைத்துக்கொள்ளுங்கள். அரை டம்ளர் பார்லி நொய்யை ஒரு மணி நேரம் ஊறவைத்து, அஞ்சு டம்ளர் தண்ணி கொதிக்கும்போது போட்டு நன்றாக வேகவிடுங்கள். அரிசி நொய் மாதிரி சீக்கிரம் வெந்துவிடாது, இருபது நிமிடமாவது வேண்டும். அமுக்கிப் பார்த்தால் நசுங்கணும். தண்ணி சுண்டியிருந்தால் கொதிதண்ணி சேர்த்துக்கொண்டு உப்புப் போட்டு, இரண்டு டம்ளர் ராகி மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் நடுவே ஒரு குழி போட்டு, தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். மாவு வேகும் வரை கிளறாதீர்கள். பிறகு இறக்கி வைத்து, பாத்திரத்தைக் காலால் அணைத்துக்கொண்டு ஒரே மூச்சாகக் கிண்ட வேண்டும். பார்லியின் கொழகொழப்பு ராகி மாவைப் பிடித்துக்கொள்வதால் உருண்டை வெடிக்காமல் வழவழவென்று வரும், மறுநாள் மோரில் கரைத்தாலும் நொய் நொய்யாகக் கடிபடும். கொள்ளுக் கடைசலோ கீரைக் கடைசலோ போதும். ஆனால் செவிலித் தங்கை சொன்னது போல உருண்டைக் கணக்கு முக்கியம், அம்மாவுக்கு ஒன்று வையுங்கள், கடைசலை அள்ளி வையுங்கள்.

தோசைக்கு ஒரு பங்கு பார்லி, ஒரு பங்கு இட்லி அரிசி, அரைப் பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். புளித்ததும் மாவு இழுபடும், தண்ணி சேர்த்துச் சரி செய்துகொள்ளுங்கள். கல் நன்றாகக் காய்ந்திருக்கணும், இல்லாவிட்டால் பிய்ந்து வரும். இட்லிக்கு இது வேண்டாம், பிசுபிசுப்பாக இருக்கும். அடைக்கு ரொம்பப் பொருத்தம்: பார்லியோடு துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், சோம்பு போட்டுக் கொரகொரவென்று அரைத்து, முருங்கைக்கீரை உருவிப் போட்டு அன்றைக்கே சுடலாம்.

ஓசூர் ஷிப்ட்டு
சப்பாத்திக்கு நண்பர் சொன்ன கணக்கையும் சேர்த்துவிடுகிறேன். மூன்று பங்கில் ஒரு பங்குக்கு மேல் பார்லி மாவு போனால் ஓரமெல்லாம் வெடிக்கும், ஏனென்றால் கோதுமை மாதிரி இழுவை இதில் இல்லை. சுடுதண்ணியில் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். முழு பார்லி ரொட்டி வேண்டுமென்றால் உருட்டுக்கட்டையை மறந்துவிட்டுக் கையால் தட்டுவதுதான் வழி.

பாலக்கோட்டான்
எல்லோருக்கும் நன்றி. நொய்ப் போட்ட களி அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. தயிர்ப் பார்லியை மட்டும் தொடமாட்டேன் என்கிறார், ஜவ்வரிசியைத் தயிரில் போட்ட மாதிரி வழுக்குகிறதாம். அதற்கு ஏதாவது வழி உண்டா? இரண்டாவது, இரண்டு வேளையும் பார்லி சாப்பிட்டதில் வயிறு உப்புசம், காற்று. சாப்பிடலாமா, நிறுத்தலாமா?

காரிமங்கலம் செவிலி
திடீரென்று நார் கூடினால் அப்படித்தான் இருக்கும். ஒரு வேளைக்கு மட்டும் ஒரு கைப்பிடி என்று ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாகக் கூட்டுங்கள், தண்ணியும் நிறையக் குடிக்கணும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் சோற்றைக் குறைத்துப் பார்லிக்கு மாறும் நாட்களில் அளவு அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள், சர்க்கரை ரொம்பக் குறைந்துவிட்டால் டாக்டர் மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும். இராத்திரி சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டால் நல்லது என்று சொல்லலாம். சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில், ஆரோக்கியமானவர்களுக்கு இரவு முழு பார்லி மணி கொடுத்துப் பார்த்ததில் மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகும் சர்க்கரை குறைவாகவே ஏறியிருக்கிறது.

அரூர் அக்கா
வழுக்கல் போக ஊற வைப்பதற்கு முன்னால் வெறும் வாணலியில் ஒரு வறு வறுங்கள், வெந்ததும் வடிதட்டில் போட்டுப் பச்சைத்தண்ணியில் ஒரு அலசு. கொஞ்சம் சத்து தண்ணியோடு போகும்தான், ஆனால் சாப்பிடாமல் தள்ளி வைப்பதற்கு அது தேவலை. நன்றாக ஆறிய பிறகு தயிர் விட்டு, கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்து, வெள்ளரி துருவிப் போடுங்கள். மாங்காய் நாளில் கிளிமூக்கு மாங்காயைப் பொடியாக நறுக்கிப் போட்டால் அம்மா தட்டை நீட்டுவார்.

மத்தூர் மல்லி
நொய்யாக உடைக்க மில்லுக்குக் கொண்டு போனால் குறைந்தது எவ்வளவு வேண்டும்? எங்கள் ஊரில் ஒரு கிலோவை வைத்துக்கொண்டு நின்றால் திட்டுகிறார்கள்.

மில்லுக்காரர்
திட்டத்தான் செய்வார்கள்மா, கல்லில் நிற்கிற மாவே கால் கிலோ இருக்கும். இரண்டு மூன்று கிலோவாவது கொண்டு போங்கள், அக்கம் பக்கத்து வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னால் என்ன ஓடியது என்று கேளுங்கள், மிளகாயோ மல்லியோ ஓடியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், அரிசிக்கு அப்புறம் விட்டால் நல்லது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டு ராகியைப் பார்லி ஓடிய கல்லில் விடவே கூடாது, அதையும் மில்லில் சொல்லிவிடுங்கள். வறுத்து நன்றாக ஆறவைத்துக் கொண்டு போகணும், சூடோடு விட்டால் வேர்த்து நொய் கட்டிப்பிடிக்கும். மாவாக அரைத்தால் ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், காறல் வாடை வரும். மணியாக இருந்தால் ஒரு வெயில் காட்டி, டப்பாவில் காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ போட்டு வைத்தால் வண்டு அண்டாமல் மாதக்கணக்கில் நிற்கும்.